பிரியும் நொடி வரை பிணைத்திருக்கும் வளையம்

ஒரு குடும்பத்தின் சொத்து ஆவணங்களை இரண்டு படிகள் எடுத்து, இரண்டு வாரிசுகளுக்கு ஆளுக்கொரு தொகுதியாகக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படி எடுப்பது எளிய வேலை. எடுத்த படிகளை, ஒருவருக்கு ஒரு தாள் கூடாமலும் மற்றவருக்கு ஒரு தாள் குறையாமலும் பிரித்துக் கொடுப்பதுதான் கடினம். படிகள் மேசை முழுதும் சிதறிக் கலந்துவிட்டால், எது எதன் இணை என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அனுபவமுள்ள எழுத்தர் ஒருவர், மூலத்தையும் படியையும் எடுத்த கையோடு ஊசி குத்தி ஒன்றாக வைப்பார். பங்கிடும் வேளையில் மட்டுமே ஊசியைக் கழற்றுவார்.

நம் உடலில் ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கான செல்கள் இந்தப் பங்கீட்டைச் செய்துகொண்டிருக்கின்றன. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். செல் பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் படியெடுக்கப்பட்டு 92 ஆகிறது. அவை 46, 46 என்று பிரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு வகையும் தவறாமல் இடம்பெற வேண்டும். இந்தச் செல்லுக்குக் கண் இல்லை, எண்ணும் அறிவு இல்லை. எழுத்தரின் ஊசிக்கு ஒப்பான ஒன்று அதனிடம் இருக்கிறது. அந்த ஊசிக்கு கோஹீசின் என்று பெயர். அதைக் கண்டறிந்தது மனித உடலில் அல்ல. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டில்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். உயிரியலில் எனக்குப் பட்டம் ஏதுமில்லை. ஆயினும் இந்தக் கோஹீசினின் கதையைப் பொதுவாசகர் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நம் சமூகத்தில் பல தாய்மார்கள் சுமந்துகொண்டிருக்கும் ஒரு தவறான பழியை இந்த அறிவு துடைத்தெறிகிறது. மற்றொன்று, பயன் என்ன என்று கேட்டுக் கேட்டு அடிப்படை ஆய்வுகளுக்கு நிதி மறுக்கும் மனப்போக்குக்கு இந்தக் கதை ஒரு தக்க விடை.

ஏன் ஈஸ்ட்?

ஈஸ்ட் ஒரே செல்லால் ஆன பூஞ்சை. ஆயினும் பாக்டீரியாவைப் போலன்றி, நம் செல்களைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. அந்த உட்கருவுக்குள் குரோமோசோம்கள் உண்டு. ரொட்டி ஈஸ்ட்டில் இருப்பவை 16 குரோமோசோம்கள். ஏறத்தாழ 6,000 மரபணுக்கள். உட்கரு கொண்ட உயிரினங்களுள் முதன்முதலாக முழு மரபணுத்தொகுப்பும் எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டது ஈஸ்ட்டுக்குத்தான். அது 1996-ஆம் ஆண்டு.

நல்ல உணவு கிடைத்தால் ஈஸ்ட் செல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும். அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது எளிது, செலவும் குறைவு. செல் பிரிவதற்கு இன்றியமையாத மரபணு ஒன்று பழுதானால் அந்தச் செல் இறந்துவிடும். இறந்த செல்லை ஆராய்வது எப்படி? இதற்கு அறிஞர்கள் ஓர் உத்தியைக் கையாண்டனர். சாதாரண வெப்பநிலையில் ஒழுங்காக இயங்கி, வெப்பத்தைச் சற்றே கூட்டினால் மட்டும் செயலிழக்கும் மரபணு மாற்றங்களைத் தேடினர். அத்தகைய ஈஸ்ட்டைக் குளிர்ச்சியில் வளர்த்துப் பெருக்கலாம். பிறகு வெப்பத்தைக் கூட்டி, செல் பிரிவு எந்தக் கட்டத்தில் தடைபட்டு நிற்கிறது என்று பார்க்கலாம். அமெரிக்க அறிஞர் லேலண்ட் ஹார்ட்வெல் இந்த வழியில் ஈஸ்ட்டின் செல் பிரிவை ஆளும் மரபணுக்களை அடையாளம் கண்டார். பிரிட்டனின் பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகியோருடன் அவருக்கு 2001-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு பழைய கேள்வி

செல் பிரியும்போது குரோமோசோம்கள் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து எதிரெதிர்த் திசையில் விலகுவதை ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் 19-ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கியில் கண்டு, 1882-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். படியெடுக்கப்பட்ட இரு குரோமோசோம்களையும் சகோதரிகள் என்று அழைப்பது உயிரியலாரின் மரபு. இந்தச் சகோதரிகள் பிறந்த கணத்திலிருந்து பிரியும் கணம் வரை ஒட்டியே இருக்கின்றன. அவற்றை ஒட்டி வைத்திருப்பது எது? பிரியும் நேரம் வந்ததும் அந்த ஒட்டு எப்படி அறுகிறது? இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேலாக விடையில்லை.

டிஎன்ஏ இழைகள் படியெடுக்கப்படும்போது ஒன்றோடொன்று முறுக்கிச் சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கலே அவற்றைப் பிணைத்து வைத்திருக்கலாம் என்று ஒரு கருத்து நிலவியது. ஆனால், ஈஸ்ட்டுக்குள் சிறிய வட்ட வடிவக் குரோமோசோம்களைச் செலுத்தி ஆராய்ந்த டக்ளஸ் கோஷ்லாண்டும் ஹார்ட்வெல்லும் 1987-இல் வேறொன்றைக் கண்டனர். அந்த வட்டங்களின் சிக்கல் முழுவதும் அவிழ்ந்த பிறகும் சகோதரிகள் பிரியாமலே இருந்தன. அப்படியானால், டிஎன்ஏயின் முறுக்கைத் தவிர வேறேதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

விடை 1997-இல் கிடைத்தது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கிம் நாஸ்மித் குழுவும், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கோஷ்லாண்ட் குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். அவர்களின் கட்டுரைகள் 'செல்' என்னும் ஆய்விதழின் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன.

வியன்னா குழுவின் முறை எளிதில் விளங்கக்கூடியது. குரோமோசோமின் ஓரிடத்தில் பச்சை ஒளி வீசும் புரதம் வந்து ஒட்டும்படி செய்தனர். சகோதரிகள் சேர்ந்திருந்தால் நுண்ணோக்கியில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். பிரிந்துவிட்டால் இரண்டு புள்ளிகள் தெரியும். பிரியக்கூடாத நேரத்திலேயே இரண்டு புள்ளிகளைக் காட்டும் பழுதான ஈஸ்ட் செல்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பார்த்தனர். இவ்வாறு அகப்பட்டவையே கோஹீசினின் உறுப்புகள்.

வளையத்தின் அமைப்பு

கோஹீசின் தனி ஒரு புரதம் அன்று. நான்கு புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. எஸ்எம்சி-1, எஸ்எம்சி-3 என்னும் இரண்டும் நீண்ட தண்டு போன்றவை. ஒவ்வொன்றின் நீளமும் ஏறத்தாழ 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இவ்விரு தண்டுகளும் ஒரு முனையில் கீல் போல இணைந்திருக்கின்றன. மறு முனைகளில் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைப் பிடிக்கும் தலைகள் உள்ளன. அந்தத் தலைகள் இரண்டையும் எஸ்சிசி-1 என்னும் மூன்றாவது புரதம் பாலமாக இணைக்கிறது. இப்போது மூன்றும் சேர்ந்து ஒரு மூடிய வளையம் ஆகின்றன. எஸ்சிசி-3 என்னும் நான்காவது புரதம் இந்தப் பாலத்தின்மீது அமர்ந்து துணைபுரிகிறது.

இந்த வளையத்துக்குள் சகோதரிகள் இருவரும் சேர்ந்து சிக்கியிருக்கின்றனர் என்பது நாஸ்மித் குழுவினர் முன்வைத்த கருத்து. பசை போட்டு ஒட்டியது போன்றதன்று இது. இரண்டு கயிறுகளை ஒரே வளையத்துக்குள் நுழைத்தது போன்றது. இதை எப்படி மெய்ப்பிப்பது? 2005-இல் அவர்கள் கோஹீசினோடு சேர்ந்த சிறிய வட்டக் குரோமோசோம்களைப் பிரித்தெடுத்தனர். வளையத்தை வெட்டினால் டிஎன்ஏ விடுபட்டது. வளையத்தை விட்டுவிட்டு டிஎன்ஏ வட்டத்தை வெட்டி நேர்க்கோடாக்கினாலும் வளையம் நழுவிக் கழன்றது. பசையாக இருந்திருந்தால், வட்டத்தை வெட்டுவதால் மட்டும் ஒட்டு விட்டிருக்காது. 2008-இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, வளையத்தின் மூன்று இணைப்புகளையும் வேதிமுறையில் நிரந்தரமாகப் பூட்டினர். பிறகு புரதங்களின் வடிவத்தையே குலைத்துவிடும் வேதிப்பொருளில் இட்டபோதும் இரு வட்டங்களும் பிரியவில்லை. வளையம் என்ற கருத்துக்கு இவை வலுவான சான்றுகள்.

பூட்டும் சாவியும்

வளையம் இருந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் பூட்டவும் வேண்டும். கோஹீசினைக் குரோமோசோமின்மீது ஏற்றுவதற்கென்றே எஸ்சிசி-2, எஸ்சிசி-4 என்னும் இரு புரதங்கள் உள்ளன. ஏற்றப்பட்ட வளையம் தானாகவே கழன்றுவிடவும் கூடும். அதைக் கழற்றுவதற்கும் ஒரு புரதம் செல்லில் இருக்கிறது. எனவே டிஎன்ஏ படியெடுக்கப்படும் அதே வேளையில், ஈகோ-1 என்னும் நொதி எஸ்எம்சி-3 புரதத்தின்மீது அசிட்டைல் என்ற சிறிய வேதிக் குறியைப் பொறிக்கிறது. குறி விழுந்த வளையம் எளிதில் கழலாது. இது 2008-இல் தெரியவந்தது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் ஆய்வொன்று அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்தது. டிஎன்ஏ படியெடுத்து முடிந்த பிறகு ஈஸ்ட் செல்லுக்குள் எஸ்சிசி-1 புரதத்தை உருவாக்கிப் பார்த்தனர். அது குரோமோசோமில் சென்று சேர்ந்தது; ஆயினும் சகோதரிகளைப் பிணைக்கவில்லை. படியெடுக்கும்போதே ஊசி குத்தினால்தான் உண்டு. படிகள் சிதறிய பிறகு ஊசியோடு வந்து பயனில்லை.

இனி, ஏன் இந்தப் பிணைப்பு என்பதைப் பார்ப்போம். செல்லின் இரு முனைகளிலிருந்தும் கதிர்கோல் இழைகள் நீண்டு வந்து குரோமோசோம்களைப் பற்றுகின்றன. ஈஸ்ட்டில் ஒரு குரோமோசோமை ஓர் இழைதான் பற்றும். ஒரு சகோதரியை வடமுனை இழையும், மற்றவளைத் தென்முனை இழையும் பற்ற வேண்டும். இருவரையும் ஒரே முனையின் இழைகள் பற்றிவிட்டால் ஒரு மகள் செல்லுக்கு இரண்டு படிகள் போய்விடும். மற்றதற்கு ஒன்றும் இராது.

பற்றியது சரியா, தவறா என்று செல் எப்படி அறிகிறது? இழுவிசையால்தான். சகோதரிகள் பிணைந்திருப்பதால், எதிரெதிர் முனைகளிலிருந்து இழுக்கும்போது கயிறு இழுக்கும் போட்டியைப் போல விறைப்பு ஏற்படுகிறது. விறைப்பு இருந்தால் பற்று நிலைக்கிறது. ஒரே முனையிலிருந்து இருவரும் இழுக்கப்பட்டால் விறைப்பு இராது. உடனே ஒரு நொதி அந்தப் பற்றை விடுவித்து மறுபடியும் முயலச் செய்கிறது. ஆகவே கோஹீசினின் பிணைப்பு வெறும் சேமிப்பு ஏற்பாடன்று. பங்கீடு சரியாக நடக்கிறதா என்று செல் சோதித்தறியும் கருவியும் அதுவே. எதிர்ப்பு இல்லாவிட்டால் இழுவைக்குப் பொருளில்லை.

கடைசிக் குரோமோசோம் ஒன்று பற்றப்படாமல் காத்திருந்தாலும், ஏனைய எல்லாம் அதற்காகக் காத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பை நடத்தும் கண்காணிப்பு மரபணுக்களும் 1991-இல் ஈஸ்ட்டில்தான் கண்டறியப்பட்டன.

வெட்டும் கத்தி

எல்லாக் குரோமோசோம்களும் சரியாகப் பற்றப்பட்டதும் வளையத்தைத் திறக்க வேண்டும். செல் வளையத்தைத் திறப்பதில்லை, வெட்டிவிடுகிறது. வெட்டும் கத்திக்குச் செபரேஸ் என்று பெயர். கத்தியை எப்போதும் வெளியில் வைத்திருப்பது ஆபத்து என்பதால், செக்யூரின் என்னும் புரதம் உறை போல அதை மூடி வைத்திருக்கிறது. காத்திருப்பு முடிந்ததும், செல்லின் ஒரு பெரிய புரத இயந்திரம் செக்யூரினை அழிவுக்கு அடையாளமிடுகிறது. உறை அழிகிறது, கத்தி விடுபடுகிறது, எஸ்சிசி-1 பாலம் துண்டாகிறது. எல்லாச் சகோதரிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எதிரெதிர் முனைகளுக்கு இழுபட்டுச் செல்கின்றன.

ஃபிராங்க் ஊல்மன், நாஸ்மித் ஆகியோர் 1999-இல் இதை வெளியிட்டனர். மறு ஆண்டே ஓர் அழகான சோதனையையும் செய்தனர். புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்றுக்குத் தனியே ஒரு வெட்டும் நொதி உண்டு. அது வெட்டக்கூடிய வரிசையை எஸ்சிசி-1 புரதத்தில் பொருத்தினர். பிறகு, பிரிவதற்குச் சற்று முன் நின்றுபோன ஈஸ்ட் செல்லில் அந்த வைரஸ் நொதியை உண்டாக்கினர். செபரேஸுக்கு வேலையே இல்லாத அந்த நிலையிலும் சகோதரிகள் பிரிந்து முனைகளை நோக்கி நகர்ந்தன. பிரிவைத் தொடங்கிவைக்க வளையத்தை வெட்டினால் போதும் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது.

திறப்பதற்குப் பதில் ஏன் வெட்ட வேண்டும்? பொருளியலாளனுக்கு இது எளிதில் விளங்கும். திரும்பப் பெறக்கூடிய முடிவில் தயக்கத்துக்கு இடம் உண்டு. வெட்டிய வளையம் மீண்டும் ஒட்டாது. பாதிப் பிரிந்து பாதி சேர்ந்து தடுமாறும் நிலை செல்லுக்கு மரணம். எனவே தீர ஆராயும் வரை பொறுத்திருந்து, முடிவெடுத்தபின் மீள வழியில்லாதபடி அது செயல்படுகிறது. அடுத்த தலைமுறை புதிய எஸ்சிசி-1 புரதத்தை ஆக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் செல் செலுத்தும் விலை இது.

கருமுட்டையின் நெடுங்காத்திருப்பு

இதே வளையம் ஈஸ்ட் முதல் மனிதர் வரை சிறு மாறுதல்களோடு தொடர்கிறது. இங்கிருந்துதான் கதை நம் வீட்டுக்குள் நுழைகிறது.

விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் குன்றல் பிரிவில், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாக வேண்டும். இதற்கு இரண்டு சுற்றுப் பிரிவுகள் நடக்கின்றன. முதல் சுற்றில் தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்கள் பிரிகின்றன. சகோதரிகள் அப்போதும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் சகோதரிகள் பிரிகின்றனர். வளையத்தை இரு தவணைகளில் வெட்ட வேண்டிய நிலை இது. இதற்காக எஸ்சிசி-1 இருக்க வேண்டிய இடத்தில் ரெக்-8 என்னும் வேறொரு பாலம் வருகிறது. முதல் சுற்றில் குரோமோசோமின் கரங்களில் உள்ள வளையங்கள் மட்டும் வெட்டப்படுகின்றன. நடுவிடையில் உள்ளவை காக்கப்படுகின்றன. அந்தக் காவலர் புரதத்தை 2004-இல் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் வாட்டனபே குழுவினர் அதற்கு ஷுகோஷின் என்று பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். அந்தக் கண்டுபிடிப்பும் ஈஸ்ட்டில்தான் நிகழ்ந்தது.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பருவமடைந்த பிறகு உருவாவதில்லை. அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே அவை உருவாகி, டிஎன்ஏ படியெடுப்பை முடித்துக்கொண்டு, முதல் சுற்றின் நடுவில் உறைந்து நிற்கின்றன. பருவமடைந்த பிறகு மாதந்தோறும் ஒன்று விழித்துப் பிரிவைத் தொடர்கிறது. எனவே 40 வயதுப் பெண்ணின் கருமுட்டையில் சகோதரிகளைப் பிணைத்து நிற்கும் வளையங்கள் 40 ஆண்டுகளுக்கு முன் பூட்டப்பட்டவை. ஈஸ்ட்டில் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டாத வளையம், இங்கே அரை ஆயுட்காலம் நிற்க வேண்டியுள்ளது. கருமுட்டை வளரும் காலத்தில் இந்த வளையங்கள் புதிதாக மாற்றப்படுவதில்லை என்பதை எலிகளில் நடந்த ஆய்வு 2010-இல் காட்டியது. முதிர்ந்த எலிகளின் கருமுட்டைகளில் கோஹீசின் குறைந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

வளையம் தளர்ந்தால் குரோமோசோம்கள் முறைதவறிப் பிரிகின்றன. பல கருச்சிதைவுகளுக்கு இதுவே காரணம். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்தால் குழந்தை டவுன் கூட்டறிகுறியோடு பிறக்கிறது. கூடுதல் குரோமோசோமே இதற்குக் காரணம் என்பதை ஃபிரான்ஸ் நாட்டு அறிஞர்கள் 1959-இல் கண்டறிந்தனர். தாய்க்கு 35 வயதாகும்போது இதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 350-க்கு ஒன்று. 40 வயதில் 100-க்கு ஒன்று. இருபதுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஒன்று. வாய்ப்பு குறைவு என்றாலும் இளம் தாய்மாருக்கும் இது நேர்வதுண்டு. வளையத்தின் தளர்ச்சி ஒன்றே காரணம் என்றும் கூற முடியாது; கதிர்கோலின் குறைபாடு போன்ற வேறு காரணங்களும் சேர்கின்றன.

நம் ஊர்களில் இத்தகைய குழந்தை பிறந்தால் முதல் கேள்வி தாயை நோக்கியே எழுகிறது. கருவுற்றிருந்தபோது என்ன சாப்பிட்டாள், கிரகணத்தன்று ஏன் வெளியே வந்தாள், எந்தச் சாபம், யார் செய்த பாவம் என்று கேட்பவர்கள் படித்த குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பல பெண்கள் வாழ்நாள் முழுதும் அந்தக் குற்ற உணர்வைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு அறிவியல் கூறும் விடை தெளிவானது. பெரும்பாலான நேர்வுகளில் இந்தப் பிழை, கரு உண்டாவதற்கு முன்பே கருமுட்டையின் பிரிவில் நிகழ்ந்துவிடுகிறது. கருவுற்ற பின் அவள் உண்டதும் உடுத்ததும் நடந்ததும் அதற்குக் காரணமாக முடியாது. தளர்ந்த வளையமோ, அவள் தானே பிறப்பதற்கு முன் பூட்டப்பட்டது. அதைக் காக்கவோ கெடுக்கவோ அவள் கையில் எதுவும் இருந்ததில்லை. சிறுபான்மை நேர்வுகளில் பிழை தந்தையின் விந்தணுவிலும் நிகழ்கிறது. அங்கும் யாரையும் பழிப்பதற்கு இடமில்லை.

தாமதமாகத் திருமணம் செய்துகொண்டதே குற்றம் என்று பெண்களைக் குறைகூற இந்தச் செய்தியைச் சிலர் பயன்படுத்தக்கூடும். அது முறையன்று. 35 வயதிலும் 350 பேரில் 349 பேருக்கு இது நேர்வதில்லை. மகப்பேற்றின் காலத்தைப் பெண் தீர்மானிப்பதற்கு உதவும் தகவலாக இது அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். அவளை அடக்கும் கோலாக ஆகிவிடலாகாது. முறையான மரபியல் ஆலோசனை அரசு மருத்துவமனைகளிலும் எளிதில் கிடைக்கும் நிலை வர வேண்டும். டவுன் கூட்டறிகுறி உள்ள குழந்தைகள் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், குடும்பத்துக்கு அன்பைப் பொழிகிறார்கள் என்பதையும் அந்த ஆலோசனையில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயன் என்ன என்னும் கேள்வி

கோஹீசினின் வேலை பிணைப்பதோடு முடியவில்லை. நெடிய டிஎன்ஏ இழையைக் கண்ணிகளாக இழுத்து மடித்து ஒழுங்குபடுத்துவதும் அதன் பணி என்பதை 2019-இல் ஆய்வுக்கூடத்தில் நேரில் கண்டனர். ஈஸ்ட்டில் வளையத்தை ஏற்றும் எஸ்சிசி-2 புரதத்துக்கு இணையான மனித மரபணு பழுதடைவதால், உடல் வளர்ச்சியையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும் ஓர் அரிய பிறவிக் குறைபாடு தோன்றுகிறது என்பது 2004-இல் தெரிந்தது. சிறுநீர்ப்பைப் புற்று முதலிய சில புற்றுநோய்களில் கோஹீசின் உறுப்புகளுள் ஒன்றின் மரபணு கெட்டிருப்பதும் 2011-க்குப் பின் வெளிப்பட்டது.

இவற்றுள் எதையும் எதிர்பார்த்து எவரும் ஈஸ்ட்டில் பச்சைப் புள்ளிகளை எண்ணவில்லை. 1990-களில் ஒரு நிதிக் குழுவின் முன் நின்று, ஈஸ்ட்டின் சகோதரிகள் ஏன் ஒட்டியிருக்கின்றன என்று அறிய நிதி வேண்டும் என்று கேட்டிருந்தால், நாட்டுக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வியே திரும்பி வந்திருக்கும். நேர்மையான விடையும் 'தெரியாது' என்பதாகவே இருந்திருக்கும்.

ரிச்சர்ட் நெல்சன் 1959-இலும், பின்னர் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ 1962-இலும் இதைப் பொருளியலின் மொழியில் விளக்கினர். அடிப்படை அறிவு ஒரு பொதுப்பண்டம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாது. கண்டறிந்தவர் அதன் முழுப் பயனையும் தாமே அறுவடை செய்யவும் முடியாது. எனவே சந்தையிடம் மட்டும் விட்டுவிட்டால், சமூகத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே அதில் முதலீடு செய்யப்படும். இடைவெளியை அரசும் அறக்கொடையும் நிரப்ப வேண்டும்.

நாஸ்மித் பணியாற்றிய வியன்னா ஆய்வகம் ஒரு மருந்து நிறுவனத்தின் பெருநிதியால் நடப்பது. கோஷ்லாண்டின் பால்டிமோர் ஆய்வகம் கார்னெகி என்னும் செல்வந்தரின் அறக்கொடையால் எழுந்த நிறுவனத்தைச் சேர்ந்தது. உடனடி ஆதாயம் கேட்காத தனியார் பணம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று. நம் நாட்டிலோ அரசும் தனியாரும் சேர்ந்து ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு என்பது 2020-21-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு. சீனா 2 விழுக்காட்டுக்கு மேலும், தென் கொரியா 4 விழுக்காட்டுக்கு மேலும் செலவிடுகின்றன. இந்தியாவில் தனியார் நிறுவனங்களின் பங்கு பாதிக்கும் கீழே என்பது இன்னும் கவலைக்குரியது.

ஈஸ்ட் ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. வெப்பநிலையை மாற்றி ஈஸ்ட்டை வளர்த்துப் பார்க்கும் சோதனையை நம் கல்லூரி ஆய்வகங்களிலும் செய்யலாம். தேவைப்படுவது தொடர்ச்சியான சிறு நிதியும், விடை தெரியாத கேள்வியோடு சில ஆண்டுகள் பொறுமையாக இருக்க இளம் ஆய்வாளருக்குக் கிடைக்கும் உரிமையும். மூன்றாண்டுத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒரு பயன் அறிக்கை, இடையில் நின்றுபோகும் உதவித்தொகை என்ற சூழலில் அந்தப் பொறுமை வளராது.

செல்லிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்தப் பொறுமையே. கடைசிக் குரோமோசோம் வந்து சேரும் வரை அது காத்திருக்கிறது. ஆய்வுக்கு நிதி வழங்குவோர் அந்த அளவு காத்திருக்கப் பழகினால், இன்று பயனற்றதாகத் தோன்றும் ஏதோவொரு கேள்வியின் விடை, நாளை ஒரு தாயின் மேலுள்ள பழியைத் துடைக்கக்கூடும்.